டாக்டர் லெட்டர் குடுத்தாச்சு, அப்புறமும் ஸ்கூல்ல எதுக்கு டெஸ்ட்?

கேள்வி: நாங்க நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கோம், எச்1பி விசா. பையனுக்கு 7 வயசு, செகண்ட் கிரேட். வாசிக்க ரொம்ப திணறுறான், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான். பீடியாட்ரிஷியன் ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனைன்னு லெட்டர் குடுத்தார். ஸ்கூல்ல காட்டினா, இது பத்தாது, நாங்க தனியா இவால்யுவேட் பண்ணணும், அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் ரீடிங் ஹெல்ப் குடுத்துப் பாக்கலாம்ங்கிறாங்க. வீட்ல தமிழ் பேசுறதால இருக்கலாம்னு டீச்சர் வேற சொல்றாங்க. இதெல்லாம் ரெக்கார்டுல ஏறிடும், வேணாம்ங்கிறார் என் வீட்டுக்காரர். என்ன பண்றது டாக்டர்?

பதில்: உங்க டாக்டர் சொன்னதை ஸ்கூல் நம்பலைன்னு நினைச்சுக்காதீங்கம்மா, நான் எழுதிக் குடுக்கிற லெட்டருக்கும் இதே பதில்தான் வருது. என்ன பிரச்சனைன்னு பேர் சொல்றது எங்க வேலை. ஸ்கூல் பாக்க வேண்டியது வேற, அதனால படிப்பு அடிபடுதா, இவனுக்குன்னு தனியா மாத்தி சொல்லிக் குடுக்கணுமா. ஐடியா (IDEA)ங்கிற, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கான ஃபெடரல் சட்டத்துல 13 வகை குறைபாடு இருக்கு. அதுல ஏடிஎச்டிக்குன்னு தனி வகை கிடையாது, 'மற்ற உடல்நலக் குறைபாடு'னு இருக்கிறதுல சேத்துக்குவாங்க. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் கோளாறுன்னா 'கற்றல் குறைபாடு' வகை. உங்க பையனுக்கு ரெண்டுமே இருக்கலாம், அதை இந்த லெட்டர் சொல்லாது.

ரீடிங் ஹெல்ப் குடுத்தா வாங்கிக்கோங்க, நல்லதுதான். ஆனா அதைக் காரணம் காட்டி இவால்யுவேஷனை தள்ளிப் போடக் கூடாதுன்னு ஃபெடரல் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் 2011லயே மெமோ போட்டிருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம். நம்ம ஆளுங்க பண்ற தப்பு, பிக்கப் டைம்ல டீச்சர்கிட்ட வாயால கேட்டுட்டு வந்துட்டு ஆறு மாசம் காத்துக்கிட்டு இருக்கிறது. தேதி போட்டு எழுதிக் குடுங்க, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு இவால்யுவேட் பண்ணுங்கன்னு ரெண்டு வரி போதும். உங்க ஸ்டேட்ல லெட்டர் கிடைச்ச 20 நாளுக்குள்ள மீட்டிங் போடணும், டெஸ்ட்டுக்கு சம்மதம்னு நீங்க கையெழுத்து போட்டதுல இருந்து 90 நாளுக்குள்ள டெஸ்ட் முடிச்சு, தகுதி இருந்தா ஐஇபியும் (பிள்ளைக்குன்னு எழுதற தனிப் படிப்புத் திட்டம்) ஆரம்பிச்சிருக்கணும். வாயால கேட்டதுக்கு இந்தக் கணக்கு ஓடாது.

டெஸ்ட்ன உடனே பரீட்சை மாதிரி நினைக்காதீங்க. சைல்ட் ஸ்டடி டீம்னு வருவாங்க, ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், லேர்னிங் கன்சல்டன்ட், சோஷியல் வொர்க்கர். ஒருத்தர் யோசிக்கிற விதம், ஞாபகம் இதெல்லாம் பாப்பார், இன்னொருத்தர் வாசிப்பு, எழுத்து, கணக்கு. க்ளாஸ்ல உக்காந்து கவனிக்கிறதும் உண்டு. ஒரே ஒரு டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்கிறது சட்டம். அர்த்தமில்லாத வார்த்தையை எழுத்துக் கூட்டி வாசிக்க வெக்கிற டெஸ்ட் இருக்கு, அதையும் சேருங்கன்னு கேளுங்க, மனப்பாடமா வாசிக்கிற பிள்ளைங்க அதுலதான் மாட்டுவாங்க.

உங்ககிட்டயும் ஒரு ஃபார்ம் வரும். அதுல நம்ம அம்மா அப்பாங்க, பிள்ளையை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு எல்லாத்துலயும் 'பிரச்சனை இல்லை'னு டிக் பண்ணிடுவாங்க, டீச்சர் ஃபார்ம் ஒரு மாதிரி வீட்டு ஃபார்ம் வேற மாதிரி வந்து கேஸே குழம்பிப் போகும். பத்து நிமிஷ ஹோம்வொர்க்குக்கு நீங்க பக்கத்துலயே உக்காந்து ஒண்ணரை மணி நேரம் ஆகுதுன்னா அதை அப்படியே எழுதுங்க.

தமிழ் பேசுறதை நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால வாசிப்புக் கோளாறு வராது. இங்கிலீஷ் சரியா வரலைங்கிறதை மட்டும் முக்கிய காரணமா வெச்சு இந்தப் பிள்ளைக்கு டிசெபிலிட்டினு முடிவு பண்ணக் கூடாது, டெஸ்ட்டும் பிள்ளைக்கு நல்லா வர்ற மொழியில இருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. எனக்கு உங்க பதில் ஒண்ணு வேணும்: தமிழ்ல 'பட்டம்'னு சொன்னா 'சட்டம்', 'வட்டம்'னு அதே ஓசையில முடியற வார்த்தையை அவனா சொல்றானா? வீட்ல தமிழ் நல்லா பேசுற பிள்ளைக்கு அதுவும் வரலைன்னா, இது இங்கிலீஷ் தகராறு மட்டும் இல்ல. டீம்கிட்டயும் இதைச் சொல்லுங்க.

உங்க வீட்டுக்காரருக்கு: டெஸ்ட்டுக்குப் போடற கையெழுத்து ஸ்பெஷல் எஜுகேஷன்ல சேக்க சம்மதம் ஆகிடாது, அதுக்குத் தனியா கேப்பாங்க, அப்ப வேண்டாம்னு கூட சொல்லலாம். பைசா செலவு கிடையாது, விசா எதுன்னு பாத்தும் பண்றதில்ல. காலேஜுக்கு ஐஇபியை ஸ்கூல் தானா அனுப்பி வெக்கிறதில்ல. தகுதி முடிவு பண்ற மீட்டிங்குக்கு 10 நாள் முன்னாடியே ரிப்போர்ட் கைக்கு வரணும், படிச்சுட்டுப் போங்க. அவங்க பண்ண டெஸ்ட் சரியில்லைன்னு பட்டா வெளியில ஒருத்தர்கிட்ட ஸ்கூல் செலவுலயே பண்ணக் கேக்கலாம், ஸ்கூல் ஒண்ணு காசு கட்டணும், இல்லன்னா தாங்க பண்ண டெஸ்ட் சரிதான்னு விசாரணைக்குப் போய் நிரூபிக்கணும். தகுதி இல்லைன்னு வந்துட்டா 504 ப்ளான் கேளுங்க, முன்னாடி சீட், எக்ஸ்ட்ரா டைம் மாதிரி உதவிக்கு அதுல வழி இருக்கு.

அப்புறம் கண்ணும் காதும் ஒரு தடவை சரியா பாத்துடுங்க. ஏடிஎச்டினு என்கிட்ட வந்த ஒரு பொண்ணுக்கு கடைசில காதுல நீர் கோத்து பாதி கேக்கவே இல்ல. அந்த அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற வரைக்கும் ஸ்கூல் லெட்டரை நிறுத்தி வெக்காதீங்க, நாளைக்கே குடுத்துடுங்க.