காது டெஸ்டில் நார்மல், கூட்டத்தில் மட்டும் பேச்சு புரியவில்லை: அந்த டெஸ்ட் எதைத்தான் அளக்கிறது?

செவித்திறன் வரைபடமான ஆடியோகிராம் எடுத்ததில் இரண்டு காதும் 15, 20 டெசிபெல்லில் இருக்கிறது, ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 20 டெசிபெல் என்றால் 20 சதவீதம் காது போய்விட்டது என்று அர்த்தமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செவித்திறன் பரிசோதனை என் தொழில். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “நார்மல்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் எனக்குப் புரியலை?” என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரிடம் வீட்டில் “நீ கவனிக்கறதே இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் சிரமம் உண்மையானது. டெஸ்டையும் சரியாகத்தான் எடுத்திருப்பார்கள். அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை உங்களுக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அது பார்த்தது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்று அது பார்க்கவே இல்லை.

முதலில் சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள். டெசிபெல் மடங்குகளைச் சொல்லும் அளவு. ஒலியழுத்தம் 10 மடங்கு கூடினால் 20 டெசிபெல், 100 மடங்கு கூடினால் 40. நல்ல காது உணரும் மிக மெல்லிய ஒலியின் அழுத்தம் சுமார் 20 மைக்ரோபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் 500 கோடியில் ஒரு பங்கு அது. அங்கிருந்து காது வலிக்கத் தொடங்கும் ஒலி வரை போனால் அழுத்தம் 10 லட்சம் மடங்கு, ஆற்றல் லட்சம் கோடி மடங்கு. இத்தனை வீச்சையும் ஒரே உறுப்பு சமாளிக்கிறது என்பதை, எத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தாலும், என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆடியோகிராமில் இருக்கும் 0 டெசிபெல் முழு நிசப்தம் கிடையாது. காது நோய் எதுவும் இல்லாத இளைஞர்கள் பலரைச் சோதித்து, சராசரியாக எந்த அளவில் அவர்களுக்கு ஒலி கேட்கத் தொடங்குகிறதோ அதை 0 என்று வைத்திருக்கிறார்கள். அதனால் மைனஸ் 5, மைனஸ் 10 என்று வருபவர்களும் உண்டு. எல்லா அதிர்வெண்ணிலும் காது ஒரே கூர்மையோடு இருப்பதும் இல்லை. 1000 ஹெர்ட்ஸில் கேட்பதற்குத் தேவைப்படும் அளவைவிட 250 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் கூடுதலாகத் தர வேண்டும். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் காது உணரும் உரப்பு எப்படி மாறுகிறது என்பதை பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். ஆடியோமீட்டர் இந்த வித்தியாசத்தை உள்ளேயே சரிக்கட்டிவிடுவதால்தான் உங்கள் தாளில் 0 ஒரு நேர்கோடாகத் தெரிகிறது.

‘நார்மல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சராசரியும் இருக்கிறது. பொதுவாக 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளைக் கூட்டி நான்கால் வகுப்பார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில் அந்தச் சராசரி 20-க்குக் கீழே இருந்தால் நார்மல்; வேறு சில வகைப்பாடுகளில் 25 வரை போகலாம். ஆக, உங்கள் 20 எல்லைக்கோட்டிலேயே இருக்கிறது. ஒரு இடத்தில் நார்மல், இன்னொரு இடத்தில் லேசான குறைவு என்று எழுதுவார்கள். தாளில் 6000, 8000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கீழே இறங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். அந்த இறக்கம் சராசரியில் சேராது, ஆனால் பேச்சில் அதற்குப் பங்கு உண்டு. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், உரக்க வரும். ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் மெல்லியவை, உயர்ந்த அதிர்வெண்ணில் வருபவை. அங்கே கொஞ்சம் குறைந்தாலும் ஒருவர் பேசுவது கேட்கும், ஆனால் சொன்னது ‘பாதி’யா ‘பாசி’யா என்பது தெளியாது.

டெஸ்டை எடுக்கும் முறை எளிமையானது, ஆனால் நன்றாக யோசித்து வகுத்தது. வழக்கமாக 1000 ஹெர்ட்ஸில் ஆரம்பிப்போம். கேட்டதும் பொத்தானை அழுத்துகிறீர்கள். உடனே 10 டெசிபெல் குறைப்போம். கேட்கவில்லையா, 5 கூட்டுவோம். இப்படி ஏறி இறங்கி, பாதித் தடவையாவது நீங்கள் பதில் தரும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்வோம். ஹியூசன், வெஸ்ட்லேக் இருவர் பெயரில் வழங்கும் இந்த முறையை 1959-இல் கார்ஹார்ட்டும் ஜெர்கரும் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் பெரும்பாலும் இதேதான்.

ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்தார்களா? அது நடுக்காதைத் தாண்டி நேரே உள்காதைச் சோதிப்பது. ஹெட்ஃபோனில் குறைவாகவும் எலும்பு வழியே நன்றாகவும் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. காதுக் குறும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேர்ந்திருக்கலாம், சிற்றெலும்புகள் இறுகியிருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்தால் உள்காதை, அல்லது நரம்பைப் பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு காதில் மட்டும் ‘ஷ்ஷ்’ என்று இரைச்சல் கொடுத்தால் பலர் பதறிப்போய் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே கொடுப்பது. சாதாரண ஹெட்ஃபோனில் ஒலி 40 டெசிபெல் அளவு கூடிவிட்டாலே மண்டையோடு வழியாக மறுகாதுக்குப் போய்விடக்கூடும்; எலும்புக் கருவி என்றால் தடையே இல்லாமல் போகும். முழுக்கச் செயலிழந்த காதைச் சோதிக்கும்போது நல்ல காது அதற்காகப் பதில் சொல்லிவிடும். இரைச்சலைக் கொடுத்து நல்ல காதை மறைக்காவிட்டால் அந்த ஆடியோகிராமை நம்ப முடியாது. என் பார்வையில், ஒரு பரிசோதகர் தன் வேலையை அறிந்தவரா என்று காட்டுவது இந்த இடம்தான்.

இதுவரை சொன்னது எல்லாமே நீங்கள் பொத்தானை அழுத்துவதை நம்பி இருப்பவை. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் காது தானே பதில் சொல்லும் சோதனைகளும் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பக்கம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவை நீட்டி வைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நுழைவாயிலில் உயர்ந்த ஒலிகளும் நுனியில் தாழ்ந்த ஒலிகளும் பதிகின்றன. இதைக் கண்டு காட்டியதற்காக கேயார்க் ஃபான் பெகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் அளந்தது இறந்தவர்களின் காதுகளில், மிக உரத்த ஒலியில். ஒலி காக்ளியாவுக்குள் எழுப்பும் அலை அங்கே அகலமாக, மந்தமாக இருந்தது. அவ்வளவு மந்தமான அலையை வைத்துக்கொண்டு நாம் எப்படிப் பக்கத்துப் பக்கத்து சுருதிகளைக் கூடப் பிரித்தறிகிறோம்? உள்ளே ஏதோ ஒன்று ஆற்றலைச் செலவழித்து அலையைப் பெருக்கித் தருகிறது என்று தாமஸ் கோல்ட் 1948-லேயே எழுதினார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978-இல் டேவிட் கெம்ப் காதுக்குள் ஒரு நுண்ணிய மைக்ரோஃபோனை வைத்து ‘கிளிக்’ ஒலி கொடுத்தார். சில மில்லிநொடி கழித்துக் காதே ஒரு ஒலியைத் திருப்பி அனுப்பியது.

அந்த ஒலிக்குக் காரணம் காக்ளியாவுக்குள் நுண்ணிய மயிரிழைகளோடு இருக்கும் வெளி மயிர்ச்செல்கள். ஒரு காதில் இவை சுமார் 12,000. ஒலி வரும்போது இவை நீண்டு சுருங்கி, மெல்லிய அதிர்வுகளைப் பெருக்கி, பக்கத்தில் இருக்கும் உள் மயிர்ச்செல்களுக்குத் தருகின்றன. அவை 3,500 அளவில்தான் இருக்கின்றன. ஆனாலும் மூளைக்குப் போகும் செய்தி கிட்டத்தட்ட முழுவதும் அவற்றின் வழியே போகிறது. வெளி மயிர்ச்செல்கள் பழுதானால் மெல்லிய ஒலிகள் மறைந்துவிடும், உரத்த ஒலி மட்டும் பழைய உரப்பிலேயே கேட்கும். “கொஞ்சம் சத்தமா சொல்லு” என்று கேட்டவரே அடுத்த நொடியில் “ஏன் கத்தறே” என்று எரிந்து விழுவது இதனால்தான். அவர் முரண்டு பிடிக்கவில்லை, அவருடைய காது இப்போது அப்படித்தான் வேலை செய்கிறது. கெம்ப் கண்ட அந்த எதிரொலியை அளக்கும் சோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். பச்சிளம் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அதற்கு அடுத்த கட்டம் நரம்பு. அதைப் பார்க்கும் சோதனையை ‘பெரா’ என்று எழுதித் தருவார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதில் கிளிக் ஒலிகளைக் கொடுப்போம். நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்சாரம் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு; மூளையின் மற்ற மின்னலைகள் அதைப்போலப் பல மடங்கு. அதனால் 1,000, 2,000 கிளிக்குகளுக்கு வந்த பதிலைச் சராசரி எடுப்போம். கிளிக்கோடு தொடர்பில்லாத அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேய்ந்துபோகும், காதின் பதில் மட்டும் மேலெழும். முதல் 10 மில்லிநொடிக்குள் வரிசையாக மேடுகள் தெரியும். 1971-இல் ஜூவட்டும் வில்லிஸ்டனும் அவற்றுக்கு ரோமன் எண்களைக் கொடுத்தார்கள். முதல் மேடு செவி நரம்பிலிருந்து வருவது. ஐந்தாவது, நல்ல உரப்பில் கொடுத்தால் 6 மில்லிநொடிக்குச் சற்று முன்பின் வரும். ஓ.ஏ.இ. நன்றாக வந்து, பெராவில் மட்டும் அலைகள் இல்லாமலோ சிதைந்தோ இருந்தால் மயிர்ச்செல் பெருக்குகிறது, ஆனால் நரம்பு அதை ஒத்திசைவாகக் கொண்டுபோகவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஆடியோகிராம் ஓரளவு நன்றாகவே இருக்கும், பேச்சுதான் புரியாது.

உங்கள் நிலையோடு இன்னும் நெருங்கி வரும் ஒரு கண்டுபிடிப்பு 2009-இல் வந்தது. குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளுக்கு உரத்த இரைச்சலைக் கொடுத்தார்கள். கேட்கும் அளவு முதலில் மங்கி, பின் முழுக்கப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மயிர்ச்செல்களும் பத்திரமாக இருந்தன. ஆனால் பாதிக்கப்பட்ட பகுதியில் உள் மயிர்ச்செல்லும் நரம்பும் சந்திக்கும் சினாப்ஸ்களில் ஏறக்குறைய பாதி நிரந்தரமாகப் போயிருந்தது. மெல்லிய ஒரு ஒலியை உணரக் கொஞ்சம் நரம்பிழைகள் இருந்தாலே போதும், அதனால் ஆடியோகிராம் அசையாது. உரத்த பின்னணியில் நுணுக்கங்களைப் பிரிக்கத்தான் நிறைய இழைகள் வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதரின் காதில் சினாப்ஸ்களை எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆகவே உங்களுக்கு இதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். நார்மல் ஆடியோகிராமுக்குப் பின்னாலும் உண்மையான சேதம் இருக்க முடியும் என்பது வரைக்கும் உறுதி.

காதைத் தாண்டி மூளைக்கும் வேலை இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி மறுகாதை அடைய அதிகபட்சம் ஒரு மில்லிநொடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் தாமதமாகும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை யார் எங்கிருந்து பேசுகிறார் என்று பிரிக்கிறது. ஒரு காது கொஞ்சம் பின்தங்கினாலும் கூட்டத்தில் சிரமம் தெரியும், தனியறையில் தெரியாது.

சரி, அடுத்து என்ன செய்வது? இரைச்சலில் பேச்சைச் சோதிக்கும் டெஸ்டை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் ஒரே நேரத்தில் பேசும் ஓசைக்கு நடுவே வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, பாதிச் சொற்களைச் சரியாகச் சொல்ல இரைச்சலைவிடப் பேச்சு எத்தனை டெசிபெல் உயர வேண்டும் என்று பார்ப்பார்கள். உங்கள் தாய்மொழியில் இருக்கும் வாக்கியங்களாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மொழிச் சிரமமும் காதுக் கணக்கில் சேர்ந்துவிடும். கூடவே நடுக்காதுக்கு, செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, ஓ.ஏ.இ., முடிந்தால் 8000 ஹெர்ட்ஸுக்கு மேலான அளவுகளும். டெஸ்டுக்கு முந்தின நாள் உரத்த ஒலியில் இருக்க வேண்டாம். தற்காலிக மங்கல் கணக்கில் வந்துவிடும்.

இவை எதற்கும் அவசரமில்லை, நிதானமாகச் செய்யலாம். ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ மங்கினால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை ஆரம்ப நாட்களில்தான் அதிகம் பலன் தரும். சளி அடைப்பு, தானே சரியாகும் என்று காத்திருந்து அந்த நாட்களைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைய ஆடியோகிராமைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் 5 டெசிபெல் முன்பின் வரும், அதை மாற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறை எடுக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் 10 அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.