துரைசாணி மடியில் பெண்ணா, பையனா?

கேள்வி: ஐயா, மாட்டுங்காவில் எங்கள் மாமனார் வீட்டுக் கூடத்தில் தேக்குச் சட்டம் போட்ட பழைய படம் ஒன்று தொங்குகிறது. இறகுத் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சீமாட்டி, மடியில் லேஸ் கவுன் போட்ட பெண் குழந்தை. வீட்டில் அதற்குப் பேரே 'துரைசாணி படம்'. கீழே 'லேடி' என்ற சொல்லும், ஓரத்தில் 'லாஃபாயெட்' என்ற பெயரும் தெரிகின்றன. மீதியைப் பூச்சி அரித்துவிட்டது. இது அசல் போட்டோவா? லட்சக்கணக்கில் போகும் என்கிறார் கொழுந்தனார்.
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: கொழுந்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. நீங்கள் கிட்டத்தில் எடுத்து அனுப்பியதைப் பார்த்தேன். சீமாட்டியின் கன்னமெல்லாம் வரிசை பிடித்தாற்போல் புள்ளி. மருந்தில் கழுவி எடுத்த போட்டோவில் இப்படி வராது. இது அச்சு, சீமைப் பத்திரிகையின் தாள். 1897-ல் தொடங்கிய 'கன்ட்ரி லைஃப்', 1901-ல் வந்த 'டாட்லர்' மாதிரியான இதழ்களில் இப்படித்தான் சீமாட்டிகள் முழுப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் 38 வருஷம் பிரேம் கடை வைத்திருந்தவன் நான். பழைய பேப்பர் வியாபாரி ரத்திவாலாவிடம் எடைக்கு வாங்கி, வெட்டிக்கொண்டு வந்த துரைசாணிகளுக்கு எத்தனை சட்டம் போட்டிருப்பேன்!

லாஃபாயெட் என்பது ஸ்டூடியோவின் பெயர். 1880-ல் டப்ளினில் ஜேம்ஸ் ஸ்டாக் லாடர் என்பவர் தொடங்கினார். பிரெஞ்சுப் பெயர் என்றால் ஒரு மதிப்பு, அவ்வளவுதான். பிறகு லண்டன் பாண்ட் தெருவில் கடை போட்டார்கள். நம்மூர் மகாராஜாக்களும் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெரிய இடத்துப் பெண்களை அப்போது ஸ்டூடியோக்காரர்களே அழைத்து, காசு வாங்காமல் எடுப்பதுண்டு. தர்மம் இல்லை. 1862-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டப்படி, காசு கொடுத்து எடுத்துக்கொண்டால் படத்தின் உரிமை கொடுத்தவருக்கு. ஓசி என்றால் ஸ்டூடியோவுக்கு. அப்புறம் பத்திரிகைகளுக்கு விற்றுச் சம்பாதிக்கலாம்.

அந்த இடுப்பைப் பாருங்கள். வெள்ளைக் கவுனின் ஓரம் மட்டும் இருண்ட பின்திரையோடு கரைந்தாற்போல இருக்கிறது. நெகட்டிவில் கத்தியால் சுரண்டினால் படத்தில் அந்த இடம் கறுக்கும். பென்சில் பூசினால் வெளுக்கும். யாரோ கை தேர்ந்த டச்சப் ஆசாமி இரண்டு பக்கமும் சுரண்டி இடுப்பை ஒடிசலாக்கியிருக்கிறார். நானும் கல்யாணப் படங்களில் அந்தப் பாவத்தைச் செய்தவன், அதனால் கண்ணில் பட்டுவிடுகிறது.

'லேடி'க்குப் பின்னால் அவருடைய சொந்தப் பெயர் இருந்திருந்தால் ட்யூக், மார்க்வெஸ், ஏர்ல் என்ற உயர்ந்த பட்டக்காரப் பிரபுக்களில் ஒருவரின் மகள் என்று சொல்லலாம். நேராகக் குடும்பப் பெயரோ பட்டமோ வந்திருந்தால் பிரபுவின் மனைவி, அல்லது 'சர்' பட்டக்காரரின் மனைவி. பூச்சி சரியாக அந்த இடத்தைப் பார்த்துத் தின்றிருக்கிறது! ஆனால் லாஃபாயெட்டின் பழைய நெகட்டிவ்கள் பல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் இதே முகம் பேரோடு அகப்பட்டாலும் அகப்படும்.

பெண் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பு, பையன். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் பெண்ணுக்கு நேர்வகிடு, பையனுக்குக் கோணல் வகிடு, இது கோணல். கவுனை நம்பக் கூடாது. அங்கே பையன்களுக்கும் நாலைந்து வயது வரை கவுன்தான், முதன்முதலில் கால்சட்டை மாட்டும் நாள் வீட்டில் ஒரு விசேஷம். சிரிக்காதீர்கள். முடியிறக்குவதற்கு முன்னால் பட்டுப் பாவாடையும் பூச்சடையுமாக என்னை ஸ்டூடியோவில் நிறுத்தி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "யார் தாத்தா இந்தப் பாப்பா?" என்றாள் என் பேத்தி.

விலை என்று வந்தால் படத்தைவிடத் தேக்குச் சட்டத்துக்குத்தான் கூட வரும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். மழைக்கு முன்னால் கழற்றி, கண்ணாடி தாளில் படாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைத்துத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். மும்பை ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முதலில் போவது முகம்தான்.