பௌத்தத்திலும் அற்புதங்கள் உண்டு என்றால் கத்தோலிக்கர் என்ன பதில் சொல்வது?

கேட்டவர் பெரம்பூர் லூர்து மாதா கோவிலில் நவநாள் தவறாதவர். அவருடைய பௌத்த நண்பர் சொல்வது இது: "உங்க மாதா புதுமை செஞ்சாங்கன்னு நம்புறே. திபெத்துல லாமாவோட உடம்பு வானவில்லா கரைஞ்சதுன்னு சொல்றாங்களே, அதையும் நம்பு. இல்லேன்னா ரெண்டையும் விடு."

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பிற மதத்தில் நடப்பதெல்லாம் புளுகு, இல்லையேல் பேயின் வேலை என்றுதான் திருச்சபை சொல்கிறது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரோமில் வெஸ்தா தெய்வத்தின் கோவிலில் பணி செய்த கன்னி ஒருத்தி, தன் கற்பின்மேல் விழுந்த பழியைத் துடைக்க, ஓட்டைப் பாத்திரத்தில் திபேர் ஆற்று நீரைச் சிந்தாமல் எடுத்துவந்தாள் என்று பழங்கதை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் இதை எடுத்துப் பேசுகிறார். கற்பின் மேன்மையைக் காட்ட உண்மைக் கடவுளே தம் நல்ல வானதூதர்கள் வழியாக இதைச் செய்திருக்கலாம், பிற இனத்தாரிடம் இருந்த நன்மையும் கடவுள் தந்ததே என்கிறார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பௌத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இம்மதங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்கவில்லை என்றபோது, அது புதிதாகக் கதவைத் திறந்துவிடவில்லை.

இனி நண்பரின் வாதம். 1748-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதிய வாதமேதான் இது: எதிரெதிர் மதங்களின் அற்புதங்கள் எதிரெதிர் சாட்சிகளைப் போல ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனால் இரண்டு சாட்சிகள் மோத வேண்டுமானால் இருவரும் ஒரே வழக்கில் கூண்டேற வேண்டும். பௌத்தம் தன் அற்புதங்களை அப்படிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான தீக நிகாயத்தின் 11ஆம் சுத்தத்தில் (சூத்திரத்தில்), கேவட்டன் என்ற இல்லறத்தான் நாலந்தாவில் புத்தரிடம் வந்து, துறவி ஒருவரை அற்புதம் காட்டச் சொல்லுங்கள், ஊரே உங்களை நம்பும் என்கிறான். புத்தர் மறுக்கிறார். நம்பாதவன் "இது காந்தாரி மந்திரம்" என்று சொல்லிவிடுவான், இதில் எனக்கு வெட்கமே மிஞ்சுகிறது, போதனைதான் மேலான அற்புதம் என்கிறார். துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில், புத்தரின் சீடர் பிண்டோல பாரத்துவாசர் வானில் எழும்பி, உயரத்தில் கட்டியிருந்த சந்தனப் பாத்திரத்தை எடுத்துவருகிறார். பாராட்டு கிடைக்கவில்லை. கண்டிப்புதான் கிடைத்தது. பாத்திரத்தை உடைத்து, அரைத்துக் கண்மைக்கு வாசனை சேர்க்கக் கொடுத்துவிடச் சொல்கிறார் புத்தர். இல்லறத்தார் முன் சித்தி காட்டுவது அன்றிலிருந்து துறவிக்குக் குற்றம். நம் சென்னையில் 1898-க்குப் பிறகு அயோத்திதாசரும் லட்சுமி நரசுவும் வளர்த்த பௌத்தமும் சித்திகளின்மேல் நிற்கவில்லை. நண்பர் பெரம்பூர் விகாரத்துக்குப் போகிறவர் என்றால் இதை அவரே ஒப்புக்கொள்வார்.

இரண்டு மரபிலும் உள்ள ஓர் அற்புதத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தண்ணீர்மேல் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தீக நிகாயத்தின் 2ஆம் சுத்தத்தில், தியானத்தில் முதிர்ந்த துறவி தரையில் நடப்பதுபோல நீரில் நடப்பார். அது பயிற்சியின் பலன், யார் முதிர்ந்தாலும் வரும். மத்தேயு 14-இல் நடப்பவர் நம் ராயபுரத்துக்குப் பெயர் தந்த ராயப்பர், அதாவது பேதுரு. பயிற்சி ஏதும் இல்லாத மீனவர். இயேசு சொன்ன "வா" என்ற ஒரு சொல்லை நம்பி இறங்குகிறார், காற்றைப் பார்த்துப் பயந்ததும் மூழ்குகிறார், கை நீட்டித் தூக்கப்படுகிறார். முன்னது மனிதர் எட்டும் நிலையைச் சொல்கிறது. பின்னது அழைத்தவர் யார் என்று சொல்கிறது. கத்தோலிக்கர் "புதுமை" என்பது இந்த இரண்டாவது வகையை. ஆகவே துறவி நடந்தார் என்று ஒத்துக்கொண்டாலும் ராயப்பர் நடந்தது பொய்யாகாது.

நடந்ததா என்ற கேள்வி தனி. அங்கே அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிரான்சின் லூர்து திருத்தலத்தில் குணமானதாகச் சொல்பவர்களை ஆராயும் மருத்துவக் குழு கேட்பது: நோய் கடுமையானதா, உறுதி செய்யப்பட்டதா, சிகிச்சையால் குணமானது அல்லவா, சட்டென்று நடந்ததா, முழுமையானதா, நிலைத்ததா. 7000-க்கும் மேற்பட்ட முறையீடுகளில் ஆயர்கள் புதுமை என்று அறிவித்தவை 70-ஐச் சற்றே தாண்டும். இதே கோலைக் கிழக்குத் திபெத்தில் 1998-இல் இறந்த லாமா கென்போ ஆ சோவுக்கு வையுங்கள். துணி போர்த்திய உடல் ஒரு வாரத்தில் மறைந்தது என்கிறார்கள். ஃபிரான்சிஸ் டிசோ என்ற கத்தோலிக்கக் குருவே அங்கே போய்ச் சாட்சிகளை விசாரித்தார். அங்கே கையில் இருப்பது சாட்சிகளின் சொல். பொய் என்று தள்ளவும் முடியாது, லூர்துக் கோலில் தேறியது என்று சொல்லவும் முடியாது.

பலர் சறுக்குவது அழியாத உடல்கள் விஷயத்தில். 1927-இல் இறந்த, ரஷ்யாவின் புரியாத்தியப் பகுதி லாமா இதிகிலோவின் உடலை 2002-இல் எடுத்தபோது, அமர்ந்த நிலையிலேயே பெரிதும் கெடாமல் இருந்தது. உடனே "உப்புப் போட்டிருப்பார்கள்" என்பவர், லூர்தில் மாதாவைக் கண்ட புனித பெர்னதெத்தின் முகத்திலும் கைகளிலும் மெழுகுப் பூச்சு இருப்பதையும் சொல்ல வேண்டும். புனிதர் பட்டத்துக்கான புதுமையாக அழியா உடலைத் திருச்சபை இன்று கணக்கில் எடுப்பதில்லை. எனவே இதிகிலோவை மறுக்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை.

விட்டுக்கொடுக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அடையாளம் காட்டி, அது பலித்த பிறகும், வேறு தெய்வத்தின் பின்னால் அழைப்பவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது விவிலியத்தின் இணைச்சட்டம் 13. மோசே செய்ததை எகிப்து மன்னன் பார்வோனின் மந்திரவாதிகளும் தவளை வரை செய்து காட்டினார்கள், கொசுவில்தான் தோற்றார்கள். ஆகவே நண்பரிடம், "அந்த லாமாவுக்கு நடந்தது உண்மையாகவே இருக்கலாம், எனக்கு அதில் சங்கடம் இல்லை. கிறிஸ்து உயிர்த்தாரா இல்லையா என்பதை அது தொடவில்லை" என்று தயங்காமல் சொல்லலாம்.