ரெசிமிக் கலவைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

நீங்கள் பி.எஸ்சி. படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வகுப்பில் கேட்டிருப்பீர்கள், "அதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்று உட்கார வைத்திருப்பார்கள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே சேர்மத்தின் இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்கள் சரிபாதி கலந்ததுதான் ரெசிமிக் கலவை. லத்தீனில் ரசேமுஸ் என்றால் திராட்சைக் கொத்து. வைன் பீப்பாயின் உள்சுவரில் படியும் உப்பிலிருந்து டார்டாரிக் அமிலம் எடுப்பார்கள். நம் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். 1820 வாக்கில் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கெஸ்ட்னர் என்பவரின் ஆலையில் அதோடு இன்னோர் அமிலமும் சேர்ந்து வந்தது. மூலக்கூறு வாய்பாடு அதேதான், ஆனால் நடத்தை வேறு. வேதியியலாளர் கே லூசாக் அதற்கு ரெசிமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். டார்டாரிக் அமிலக் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலப்பக்கம் திருப்பும். இது திருப்பவே திருப்பாது.

காரணத்தை 1848இல் லூயி பாஸ்டர் கண்டுபிடித்தார். அதன் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கினால், இடக்கையும் வலக்கையும் போல இரண்டு விதப் படிகங்கள். அவற்றைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியல் வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. சம அளவில் சேர்ந்தால் சுழற்சி பூஜ்யம். மூத்த விஞ்ஞானி பியோ இதை லேசில் நம்பவில்லை. தானே அமிலத்தைக் கொடுத்து, தன் முன்னால் மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். பின்னாளில் திராட்சைக்குச் சம்பந்தமே இல்லாத சேர்மங்களிலும் இப்படிச் சரிபாதி கலந்தவற்றுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது.

மருந்து கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். "தமிழ் மீடியமா?" என்று ஒருவர் இழுத்தார். அப்புறம், ஒவ்வாமை மருந்தான செட்ரிசின் இருக்க லெவோசெட்ரிசின் எதற்கு என்று கேட்டார்கள். செட்ரிசின் ரெசிமிக், லெவோ அதில் வேலை செய்யும் பாதி, அதனால்தான் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 போதும் என்றேன். பாஸ்டர் கதையையும் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னேன். வேலை கிடைத்தது. இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.

பெயர்க் கதை தெரிந்தால் மார்க் வருமா என்று சிலர் கேட்பார்கள். மார்க்குக்காக இதை நான் சொல்லவில்லை. கேட்கிற பிள்ளையை அடக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் ஆய்வகக் கட்டணம் வாங்கினார்கள், ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரை மட்டும் பீரோவில் பூட்டியே வைத்திருந்தார்கள். உடைந்துவிடுமாம்! அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதினோம். அந்தக் கருவியை நான் முதன்முதலில் தொட்டது வேலைக்குப் போன பிறகுதான். கிராமத்துப் பிள்ளைகள் கட்டிய பணம் அது.

சரி, உங்களுக்கு ஒன்று. மீசோ டார்டாரிக் அமிலமும் சுழற்சி காட்டாது. ஆனால் அது கலவை அல்ல, ஒரே சேர்மம். மூலக்கூறுக்குள்ளேயே ஒரு பாதி மறுபாதியை ஈடு செய்துவிடுகிறது. ரெசிமிக்கை இரண்டாகப் பிரிக்கலாம், மீசோவைப் பிரிக்க முடியாது. இது பரீட்சைக்கும் வரும்.