மெய்னோங்: ஒரு ஹக்கா உழவர் ஊர் – கேள்வி பதில்

தென் தைவானில், காவ்சியுங் பகுதியின் மலையடிவாரத்தில் இருக்கும் மெய்னோங் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஹக்காக்கள் சீனர்கள்தானே? ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

சீனர்கள்தான், ஆனால் பேச்சு வேறு. ‘ஹக்கா’ என்றால் விருந்தாளிக் குடும்பம் என்று பொருள். தெற்குச் சீனாவுக்குப் பிந்தி வந்தவர்கள். நல்ல சமவெளியெல்லாம் அதற்குள் பிறர் கைக்குப் போயிருந்தது. மலைநிலத்தில் உழுது பழகியவர்கள் அங்கிருந்து தைவானுக்குக் கடல் கடந்தார்கள்.

ஊரை உருவாக்கியது யார்?

1721இல் தைவானில் ஒரு பெரிய கலகம் வெடித்தது. பிங்தோங் சமவெளியின் ஹக்கா ஊர்கள் தற்காப்புக்காக ஆறு படைகளாகத் திரண்டன. கலகம் அடங்கிய பிறகும் அந்தக் கூட்டணி கலையவில்லை. அதைச் சேர்ந்த ஓர் ஊரிலிருந்து லின் குய்ஷான், லின் ஃபெங்ஷான் என்ற சகோதரர்கள் 1736இல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். மலையடியில் மண்தெய்வத்துக்கு ஓர் இடம் அமைத்துவிட்டுத்தான் காடு திருத்தினார்கள். அந்தக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது: அது யாருமற்ற நிலமல்ல. பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்த பகுதி. 1755இல் கட்டிய கிழக்கு வாயில் கோபுரம் காவலுக்காக எழுந்ததுதான்.

பெண்கள் நிலை எப்படி?

சிறுமிகளின் பாதத்தை இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கும் பழைய சீன வழக்கம் ஹக்காப் பெண்களிடம் இல்லை. நீலச் சட்டையோடு வயலில் இறங்கினார்கள். ஆனால் நிலம் மகன்களுக்கே போனது. உழைப்பில் சமம், உரிமையில் இல்லை.

எல்லோரும் ஒரே வழி வந்தவர்களா?

இல்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1909 வாக்கில், தெற்குப் பகுதியில் நான்லோங் என்ற பெரும் பண்ணை தொடங்கியது. அதற்கு வடதைவான் ஹக்காக்களைக் குத்தகைக்காரர்களாக அழைத்து வந்தார்கள். அதே காலத்தில் ஆற்று நீரைத் திருப்பி நீர்மின் நிலையம் கட்டி, அதிலிருந்து வெளியேறிய நீரை வாய்க்காலில் விட்டார்கள். மேட்டு நிலமும் நெல் வயலானது.

புகையிலைதான் ஊரை வளர்த்தது என்கிறார்களே?

பணத்தைக் கொண்டுவந்தது அதுதான். 1930களில் வந்த பயிர். நெல் அறுத்த பிறகு குளிர்காலத்தில் நடுவார்கள். விலையும் கொள்முதலும் அரசின் ஏகபோகம், அதனால் வருமானம் நிச்சயம். ஆனால் வேலை கடுமை. அடியிலை முதலில், பிறகு மேலிலை என்று பல முறை பறிக்க வேண்டும். ஒவ்வொரு பறிப்பையும் உலர்த்தும் வீட்டில் தொங்கவிட்டு, பல நாள் இரவும் பகலும் விழித்திருந்து நெருப்பின் சூட்டைக் காக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் முடியுமா? இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. கூலி கிடையாது, நாள் கணக்கு மட்டும். இந்த ஊரைக் கட்டிவைத்தது குலப்பெயரைவிட இந்தக் கணக்குதான் என்பது என் கருத்து. பிள்ளைகளின் படிப்புச் செலவும் இதில்தான் வந்தது. முனைவர் பட்டக்காரர்கள் நிறைந்த ஊர் என்று தைவானில் மெய்னோங்குக்குப் பெயர் உண்டு.

அணைப் பிரச்சினை என்ன ஆனது?

ஊருக்கு மேலே பெரிய அணை கட்டும் திட்டம் 1990களின் தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. முதியவர்களும், படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2000இல் ஆட்சி மாறியதும் திட்டம் நிறுத்தப்பட்டது.

இப்போது புகையிலை?

2002இல் தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு சாகுபடி சுருங்கிப்போய், கடைசியில் அரசுக் கொள்முதலும் நின்றது. இப்போது முள்ளங்கி, நீரில் வளரும் ஒரு கீரை, அப்புறம் நெல். உலர்த்தும் வீடுகள் சில நெருப்பில்லாமல் நிற்கின்றன.