சினை ஆடும் பூனைக்குட்டியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒட்டன்சத்திரம் பக்கம் 2 ஏக்கரில் 14 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். சாலையோரம் யாரோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன பூனைகளை மகள் எடுத்து வந்தாள். அதில் ஒன்று ஐப்பசியில் நான்கு குட்டி போட்டது. மாசியில் மூன்று ஆடுகள் நாலாம் மாதச் சினையில் குட்டி வீசிவிட்டன, குறைமாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. பூனை இருக்கிற பட்டியில் சினை தங்காது, எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்கிறார்கள். மகளும் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊரார் சொல்வதில் பாதி உண்மை. பூனையின் குடலில் பெருகும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சினை ஆட்டைக் குட்டி வீச வைக்கும். ஆனால் பூனைகளைக் கொண்டுபோய் விடுவது உங்கள் ஆடுகளைக் காப்பாற்றாது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதை நீங்களே முடிவு செய்வீர்கள்.

எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று ஒரு பூனைக்கு முதன்முறை இந்தத் தொற்று வரும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை அதன் மலத்தில் லட்சக்கணக்கான முட்டைகள் வெளியேறும். பிறகு உடலில் எதிர்ப்பு வந்துவிடும். அதன்பின் அது முட்டை விடுவது அபூர்வம். அதனால் ஆபத்து வயதான பூனையிடம் இல்லை. எலி பிடிக்கப் பழகும் குட்டியிடம் இருக்கிறது. ஐப்பசிக் குட்டிகள் மார்கழியில் வேட்டைக்கு இறங்கியிருக்கும், மாசியில் ஆடு வீசியிருக்கிறது. கணக்கு ஒத்துவருகிறது. இருக்கும் பூனைகளை விரட்டினால் எலி பெருகும், காலியான இடத்துக்கு எங்கிருந்தோ புதுப் பூனை வரும், அது குட்டி போடும். செய்ய வேண்டியது கருத்தடை. 5, 6 மாதத்தில் ஆண், பெண் எல்லாவற்றுக்கும் செய்துவிடுங்கள். கூடவே வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடலாம். பூனைக்குப் பச்சைக் குடல், ஈரல் போடாதீர்கள். மத்தி மீனானாலும் வேகவைத்தே கொடுங்கள்.

அடுத்தது தீவனம். என் கணிப்பில் உங்கள் பட்டியில் பழுது இங்கேதான் இருக்கும். பூனை மலம் கழிக்க உதிரியான, உலர்ந்த இடத்தைத் தேடும். கடலைக்கொடிப் போர், வாய் திறந்த தவிட்டு மூட்டை, காலியான தீவனத் தொட்டி எல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள். மலம் காய்ந்து உதிர்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, ஆடு கொடியோடு சேர்த்துத் தின்றுவிடும். தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளத்தை மூடி இறுக்கிய டிரம்மில் வையுங்கள். கொடிப் போரைத் தார்ப்பாயால் மூடி ஓரத்துக்குக் கல் வையுங்கள். ஆடு தின்று முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி வேண்டும். பூனைக்கென்று கொட்டிலிலிருந்து தள்ளி, கூரைக்குக் கீழே, மூன்றடிக்கு மூன்றடி மணல் பாத்தி போடுங்கள். கிளறிப் போகும் ஆழத்துக்கு மணல் இருந்தால் அது வேறு இடம் தேடாது. அதைத் தினமும் அள்ள வேண்டும். புது மலத்திலுள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் எடுத்துப் புதைத்தால் தப்பித்தோம். பிளீச்சிங் பவுடர் இந்த முட்டையை ஒன்றும் செய்யாது. கரண்டி, தட்டுகளுக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியது அது.

ஆனால் நோய் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. புருசெல்லா எனும் கன்று வீச்சு நோய், கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்று, ஆட்டுக்கொல்லி நோய் எல்லாமே குட்டியை வீச வைக்கும். அடுத்த முறை வீசினால் நஞ்சுக்கொடியைப் பாருங்கள். பொத்தான் போன்ற சிவந்த மடல்களில் ஊசிமுனை அளவிலிருந்து கடுகளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் டாக்ஸோ என்று சந்தேகிக்கலாம். குட்டியையும் நஞ்சுக்கொடியையும் ஐஸ் வைத்த பெட்டியில் (உறைய விடாமல்) அன்றே கால்நடை மருத்துவர் மூலம் மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே வீசிய மூன்று ஆடுகளுக்கும் இப்போதே ரத்தப் பரிசோதனை செய்யலாம். டாக்ஸோ என்றால் அந்த ஆடுகளை அவசரப்பட்டு விற்க வேண்டாம், பெரும்பாலும் மறுமுறை வீசாது. புருசெல்லா என்றால் அந்த ஆட்டை உடனே பிரித்துக் கட்டி, மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பரிசோதனைக்கு அனுப்பியது போக மீதியுள்ள நஞ்சுக்கொடி, வீசிய குட்டிகளை 4 அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் பூனை தோண்டித் தின்னும், சுற்று மறுபடி தொடங்கும்.

உங்கள் மகள் பூனையைத் தடவிக் கொடுப்பதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மணல் பாத்தி அள்ளுவது, ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பது, வீசிய குட்டியைத் தொடுவது எதையும் அவர் செய்யக் கூடாது. மற்றவர்களும் கையுறையோடுதான் தொட வேண்டும். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம், கறி நன்றாக வேகட்டும், கீரையைப் பலமுறை அலசுங்கள். பட்டியில் நடந்ததை அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

கேட்காத ஒன்று. ஆட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்துகளில் பல பூனைக்கு விஷம். அடிக்கும் நாளில் பூனைகளை அறையில் அடைத்து, ஆடும் தரையும் நன்றாகக் காய்ந்தபின் வெளியே விடுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும். எலிக்கு விஷம் வைப்பதும் வேண்டாம். செத்த எலியைப் பூனைதான் தின்னும்.