பழைய தேக்கில் ஒளிந்திருக்கும் ஆணி: வீட்டில் செய்த பின்பாயிண்டர் ஏன் செவிடாகிறது?

கேள்வி: இடித்த வீடுகளின் தேக்கு உத்திரங்களையும் கைமரங்களையும் வாங்கி, அறுத்து, மேசை நாற்காலி செய்து வருகிறேன். உள்ளே தலை முறிந்து கிடக்கும் ஆணிகள் பிளேனர் பிளேடைப் பதம் பார்த்துவிடுகின்றன. பழைய ரேடியோவின் ஃபெரைட் தண்டில் சுருள் சுற்றி, ஒரு டிரான்சிஸ்டர் அலையியற்றியும் (ஆஸிலேட்டர்) பஸரும் 9 வோல்ட் பேட்டரியும் சேர்த்து ஒரு பின்பாயிண்டர், அதாவது உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கருவி செய்தேன். ஆணியைத் தொட்டால்தான் ஒலிக்கிறது. உணர்திறனைக் கூட்டினால் பஸர் விட்டுவிட்டு அலறுகிறது. கை பட்டாலும் ஒலிக்கிறதே என்று தண்டைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றினேன். அதோடு கருவி முழுவதும் ஊமையாகிவிட்டது. எங்கே தவறு? பஸருக்குப் பதில் அதிர்வு மோட்டார் வைக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு. தொட்டால்தான் ஒலிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

சுருளின் காந்தப்புலத்துக்குள் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து, அலையியற்றியின் ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இரும்பானாலும் பித்தளையானாலும் இந்த இழப்பு உண்டு. அதனால் அலையின் வீச்சு குறைகிறது. அந்தக் குறைவைக் கண்டுபிடிப்பதுதான் நமது சுற்றின் வேலை. ஆனால் அலையியற்றிக்கு மின்னோட்டத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டால், வீச்சு மின்வழங்கியின் எல்லையைத் தொட்டு அங்கேயே தட்டையாக நின்றுவிடும்; உலோகம் தின்னும் சிறு பங்கை டிரான்சிஸ்டர் உடனுக்குடன் ஈடுகட்டிவிடும். உங்கள் கருவி செவிடானதற்குக் காரணம் பலக்குறைவு அல்ல, பலம் மிகுந்ததுதான். அதைப் பட்டினி போட வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபெரைட் தண்டின் நுனிப் பக்கமாக 0.3 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் 110 சுற்று நெருக்கமாகச் சுற்றினால், தண்டின் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 1 மில்லிஹென்றி கிடைக்கும். சுருளின் ஒரு முனை பேட்டரியின் எதிர்முனையில். மறுமுனை 100 நானோஃபாரட் மின்தேக்கி வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸில். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 நானோஃபாரட், எமிட்டருக்கும் எதிர்முனைக்கும் இடையே இன்னொரு 10 நானோஃபாரட். இவை இரண்டும் வரிசையில் 5 நானோஃபாரட் ஆவதால் அதிர்வெண் சுமார் 71 கிலோஹெர்ட்ஸ் வரும். மின்தேக்கிகள் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். மலிவான வட்டுச் செராமிக் வகை வெயிலுக்கு மதிப்பு மாறி உங்களை அலைக்கழிக்கும். கலெக்டர் நேரே 5 வோல்ட்டில் (அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்). பேஸைப் பாதி மின்னழுத்தத்தில் நிறுத்த 220 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு. எமிட்டரில் 4.7 கிலோ ஓம் மின்தடையும், அதனோடு வரிசையில் 47 கிலோ ஓம் பிரீசெட்டும் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய சிறு மின்தடை). இந்தப் பிரீசெட்தான் பட்டினியின் அளவைத் தீர்மானிப்பது: எமிட்டர் மின்னோட்டம் 100 மைக்ரோ ஆம்பியரை ஒட்டி இருக்கும்போது, வீச்சு சுருளின் இழப்புக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கத் தொடங்கும்.

எமிட்டரிலிருந்து 10 நானோஃபாரட் வழியாக எடுத்த அலையை 1என்4148 டயோடுகள் இரண்டால் நேராக்கி, 100 நானோஃபாரட் மின்தேக்கியிலும் அதற்கு இணையான 220 கிலோ ஓமிலும் சேர்த்தால் ஒரு நேர்மின்னழுத்தம் கிடைக்கும். அது 10 கிலோ ஓம் வழியாக இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சில்லான எல்எம்393-இன் நேர் உள்ளீட்டுக்குப் போகிறது. எதிர் உள்ளீட்டில், 5 வோல்ட்டிலிருந்து பல சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றால் பிரித்தெடுத்த ஒப்பீட்டு மின்னழுத்தம். உலோகம் அருகில் வந்து முதல் மின்னழுத்தம் இரண்டாவதற்குக் கீழே இறங்கினால், சில்லின் வெளியீடு தாழ்ந்து, 4.7 கிலோ ஓம் வழியாக பி.சி.557 டிரான்சிஸ்டரை இயக்கிப் பஸரை ஒலிக்கச் செய்யும்.

இனி அந்த அலறல். பஸர் ஒலித்ததும் பேட்டரி மின்னழுத்தம் சற்றே சரிகிறது, அலையியற்றியின் வீச்சும் கூடவே மாறுகிறது, பஸர் நிற்கிறது, மின்னழுத்தம் மீள்கிறது, மறுபடி ஒலிக்கிறது. அலையியற்றிக்கும் எல்எம்393-க்கும் 78எல்05 சீராக்கியிலிருந்து 5 வோல்ட் கொடுத்துவிட்டு, பி.சி.557-இன் எமிட்டரை மட்டும் நேரே 9 வோல்ட்டில் இணையுங்கள். எல்எம்393-இன் வெளியீடு திறந்த கலெக்டர் வகை (கீழே மட்டும் இழுக்கும், தானே மேலே ஏற்றாது) என்பதால், 10 கிலோ ஓம் மின்தடையால் அதை 9 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினால் எந்தச் சேதமும் இல்லை. அந்த வெளியீட்டிலிருந்து நேர் உள்ளீட்டுக்கு 4.7 மெகா ஓம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், ஒலிக்கத் தொடங்கும் புள்ளிக்கும் நிற்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 20 மில்லிவோல்ட் இடைவெளி விழும், தடுமாற்றம் அடங்கும். இடைவெளி அதற்கு மேல் போனால் சிறு ஆணிகள் அதற்குள்ளேயே தொலைந்துவிடும்.

அலுமினியத் தாள் விஷயத்தில் உங்கள் எண்ணம் சரி, செய்த விதம்தான் தவறு. கை பட்டால் ஒலிப்பது உடலின் மின்தேக்கத்தால். அதைத் தடுக்க, எதிர்முனையோடு இணைத்த ஓர் உறை வேண்டியதுதான். ஆனால் முழுவட்டமாகச் சுற்றிய தாள், முனைகள் ஒட்டிய ஒற்றைச் சுற்றுச் சுருள். அது ஆற்றல் முழுவதையும் விழுங்கி அலையியற்றியை நிறுத்திவிடுகிறது. தாளின் இரு ஓரங்களும் தொடாதபடி, தண்டின் நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை இன்சுலேஷன் டேப்பால் காப்பிடுங்கள். அலுமினியத்தில் பற்றாசு ஒட்டாது என்பதால் செம்புத் தாளே வசதி. உறைக்கும் சுருளுக்கும் நடுவே இரண்டு அடுக்கு காகிதம் இருக்கட்டும். எல்லாவற்றையும் மின்வயர் ஓடும் பிவிசி குழாயில் செருகி, தண்டு ஆடாமல் மெழுகு ஊற்றி நிறுத்துங்கள். பேட்டரியின் கூடும் உலோகம்தான். அது சுருளிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, அசையாமல் இருக்க வேண்டும்.

சோதிக்க அலைகாட்டி தேவையில்லை, ஒரு மல்டிமீட்டர் போதும். நேராக்கிய மின்னழுத்தத்தை அளந்தபடி பிரீசெட்டின் தடையை அதிகபட்சத்திலிருந்து மெல்லக் குறையுங்கள். அளவு ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ஏற மறுக்கும். அந்தத் தட்டைப் பகுதிக்கு நன்றாகக் கீழே, சுமார் 1 வோல்ட்டில் நில்லுங்கள். இப்போது 2 அங்குல ஆணியை நுனியிலிருந்து 1 சென்டிமீட்டரில் பிடித்து எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று குறித்துக்கொண்டு, பிரீசெட்டைச் சற்று நகர்த்தி மீண்டும் பாருங்கள். வீழ்ச்சி மிகுந்திருக்கும் இடமே உங்கள் இடம். மிகவும் கீழே போனால் உலோகம் பட்டதும் அலை முற்றாக நின்று, எடுத்த பிறகும் திரும்பத் தயங்கும். அது எல்லை தாண்டியதன் அடையாளம்.

பிறகு பிளாஸ்டிக் அளவுகோலை மேசையில் வைத்து, ஆணியை நீளவாக்கிலும் குறுக்காகவும் பத்துப் பத்து முறை நெருக்கி, ஒலி எழும் தூரத்தை எழுதுங்கள். பித்தளைத் திருகாணியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர்கள் அது காந்தத்தில் ஒட்டும் எஃகு என்பதை மறந்துவிடுகிறார்கள். பித்தளைக்கு அது சாட்சி ஆகாது. கடைசியாக, அருகில் உலோகமே இல்லாத இடத்தில் அரை மணி நேரம் இயக்கி வையுங்கள். வெப்பத்தால் டயோடும் செம்புக் கம்பியும் கொஞ்சம் நகரத்தான் செய்யும். அதனால்தான் ஒப்பீட்டுப் பொட்டென்ஷியோமீட்டரின் குமிழ் குழாய்க்கு வெளியே இருக்க வேண்டும். நிழலிலிருந்து வெயிலுக்குப் போனால் ஒரு திருப்பு. தானே திருத்திக்கொள்ளும்படி இடையில் ஒரு மின்தேக்கி போடலாமே என்று சிலர் சொல்வார்கள். போட்டால் ஆணியின் மேல் கையை நிறுத்தியதும் கருவி மௌனமாகிவிடும், இடத்தைக் குறிக்க முடியாது.

எவ்வளவு ஆழம் எதிர்பார்க்கலாம்? சிறு பொருளின் தூரம் இரு மடங்கானால் அதன் பதில் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், இன்னும் சில சுற்று சேர்த்து ஆழத்தை இரட்டிப்பாக்கும் ஆசை வேண்டாம். 2 அங்குல ஆணிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கிடைத்தாலே நல்ல கருவி. 3 அங்குலக் கைமரத்தை நான்கு பக்கமும் தடவினாலும் நடுவில் ஒரு சிறு பகுதி எட்டாமல் நிற்கும்; ஆகவே அறுத்த பிறகு, பிளேனருக்கு முன் இன்னொரு முறை தடவுங்கள். தண்டின் பக்கவாட்டும் உணரும் என்பதால், குறுக்காக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் சுண்ணக்கட்டியால் இழுத்து, அவை வெட்டும் இடத்தில் உளியை வையுங்கள்.

அதிர்வு மோட்டாரை நான் தவிர்ப்பேன். அதற்குள் காந்தமும் உலோகமும் உண்டு, பி.சி.557-க்குத் தாங்கும் மின்னோட்டத்தின் எல்லையைத் தொடும், பிரஷ்களின் பொறி இரைச்சலும் சுற்றில் ஏறும். இயந்திரச் சத்தத்தில் பஸர் கேட்கவில்லை என்றால், அதற்கு இணையாக 1 கிலோ ஓம் மின்தடையோடு ஒரு சிவப்பு எல்இடியைக் குழாயின் மேற்பக்கத்தில், கண்ணில் படும்படி பொருத்துங்கள்.